பெரிய பையன்களை விற்கலாமா? ஜூனியர் ஹாக்கியின் ஜனவரி டிரேடைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

டிசம்பர் கடைசி வாரத்தில், டொராண்டோவுக்குக் கிழக்கே உள்ள ஓஷாவாவின் ஐஸ் ஹாக்கி அரங்கில் இடைவேளைக்குக் காபி வாங்க வரிசையில் நின்றால் காதில் விழுவது ஒரே பேச்சுதான். இந்த வருடம் நாம் விற்கிறோமா, வாங்குகிறோமா? ஏஜாக்ஸ், விட்பி, பிக்கரிங் பக்கம் குடிவந்த நம் ஆட்கள் இப்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்த ஆட்டங்களுக்கு நிறையவே வருகிறார்கள். வந்து இரண்டு மாதத்தில் ஒரு பையனைப் பிடித்துப்போய், அவன் பெயர் போட்ட ஜெர்சியையும் வாங்கிவிடுகிறார்கள். ஜனவரியில் பார்த்தால் அந்தப் பையன் வேறு ஊர் டீமில் நிற்கிறான். டீம்கள் தங்களுக்குள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் இந்த வியாபாரத்தைத்தான் டிரேடு என்கிறோம். "நல்லா ஆடுற பையனை எதுக்குங்க அனுப்பினாங்க?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்து முடித்ததும் உங்கள் டீம் விற்க வேண்டுமா, கூடாதா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், அதுதான் நோக்கம்.

முதலில் இந்த விளையாட்டின் கடிகாரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

கனடாவின் பெரிய ஜூனியர் ஹாக்கி மூன்று லீக்காக நடக்கிறது. ஒன்டாரியோவில் ஓ.எச்.எல்., மேற்கே டபிள்யூ.எச்.எல்., கியூபெக்கும் கிழக்குக் கடலோர மாகாணங்களும் சேர்ந்து கியூ லீக். ஆடுகிறவர்கள் 16லிருந்து 20 வயதுப் பையன்கள். மூன்று லீக்கின் சாம்பியன்களும், போட்டியை நடத்தும் ஊரின் டீமும் மே மாதக் கடைசியில் மெமோரியல் கோப்பைக்கு மோதுவார்கள்.

இதில் ஒருவரும் நிரந்தரம் இல்லை. பெரியவர்களின் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லில் ஒரு நல்ல ஆட்டக்காரனைப் பத்து வருடம் வைத்துக்கொள்ளலாம், இங்கே அதிகபட்சம் நான்கு, ஐந்து வருடம். முன்கள வீரர்கள் மூன்று மூன்று பேராக, வரிசை வரிசையாக மாறி மாறி இறங்குவார்கள்; 16 வயதில் வருகிறவன் பெரும்பாலும் கடைசியான நான்காவது வரிசையில், சில நிமிடம்தான் பனியில் இருப்பான். 18, 19ல்தான் உச்சம். 20 வயதுக்காரர்களை ஓவரேஜ் என்பார்கள், ஒரு டீம் மூன்று பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு யாராக இருந்தாலும் கிளம்ப வேண்டியதுதான்.

அதனால்தான் ஜூனியர் டீம்கள் அலைபோல ஏறி இறங்குகின்றன. ஒரு கூட்டம் சேர்ந்து வளரும், 19 வயதில் கோப்பைக்கு மோதும், அப்புறம் மொத்தமாகக் கலையும். ஓஷாவாவையே எடுத்துக்கொள்ளுங்கள், 2024, 2025 இரண்டு வருடமும் ஓ.எச்.எல். இறுதி வரை போனது, இரண்டு முறையும் லண்டன் நைட்ஸிடம் தோற்றது. அந்தப் பையன்கள் வளர்ந்து போய்விட்டார்கள். இனி அடுத்த கூட்டத்தை முதலிலிருந்து கட்ட வேண்டும்.

ஓ.எச்.எல்.லில் டிரேடுக்குக் கடைசி நாள் ஜனவரி 10 வாக்கில் வரும். அந்த ஒரு வாரத்தில்தான் பெரும்பாலான வியாபாரம்.

பிறந்த வருடத்தை வைத்து ஒரு தாள் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். புள்ளிப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளில் ஐந்து கட்டம் வரைந்து, டீமில் உள்ள ஒவ்வொரு பையனின் பெயரையும் அவன் பிறந்த வருடத்துக்குக் கீழே எழுதுங்கள். 2025-26 சீசன் என்றால் 2005ல் பிறந்தவன் ஓவரேஜ், 2006 என்றால் 19 வயதுக் கூட்டம், 2007 என்றால் 18, 2008 என்றால் 17, 2009ல் பிறந்தவன் புதுமுகம். ஒவ்வொரு புது சீசனுக்கும் ஒரு எண் கூட்டிக்கொள்ளுங்கள்.

நான் வருடா வருடம் அக்டோபரில் இதைப் பென்சிலில் எழுதிவைப்பேன். பென்சில் ஏன் என்றால் ஜனவரியில் பாதிப் பெயரை அழிக்க வேண்டிவரும். முக்கியமான ஆட்டக்காரன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. முதல் இரண்டு வரிசை முன்கள வீரர்கள், முதல் ஜோடித் தடுப்பாளர்கள் இருவர், கோல் காக்கும் கோலி ஒருவர். இவர்களுக்கு மட்டும் புள்ளி வைத்தால் போதும். எழுதி முடித்துத் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். புள்ளிகள் எந்தக் கட்டத்தில் குவிந்திருக்கின்றன?

2005லும் 2006லும் குவிந்திருந்தால் இந்த வருடம் உங்கள் வருடம், விற்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம், வாங்குவதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். 2008ல் குவிந்திருந்தால் உங்கள் காலம் 2027-28, அந்தப் பையன்களுக்கு 19 ஆகும்போது. அப்படியானால் இப்போதிருக்கும் 19 வயதுக்காரன் எவ்வளவு நன்றாக ஆடினாலும், உங்கள் டீம் கோப்பைக்கு மோதும்போது அவன் இங்கே இருக்கப் போவதில்லை. அவனை விற்பதற்கான உண்மையான காரணம் இதுதான். அவன் ஆட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவன் பிறந்த வருடம் மற்றவர்களோடு சேரவில்லை.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதுதான் ஆபத்து. புள்ளிகள் ஐந்து கட்டத்திலும் சிதறிக் கிடக்கும். 19ல் இரண்டு, 18ல் இரண்டு, 17ல் இரண்டு. இந்த டீம் எந்த வருடமும் மோசமாக ஆடாது, எந்த வருடமும் ஜெயிக்கவும் ஜெயிக்காது. இரண்டுங்கெட்டான். இப்படிப்பட்ட டீமின் ஜி.எம். (யாரை வாங்குவது, விற்பது என்று முடிவெடுக்கும் பொது மேலாளர்) தான் மற்ற எல்லாரையும்விட முதலில் முடிவெடுக்க வேண்டும், ஆனால் பெரும்பாலும் அவர்தான் ஜனவரி 9 வரை மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருப்பார்.

மே மாதம் வரை ஆடுவோமா என்று உண்மையாகக் கேளுங்கள்

ஓ.எச்.எல்.லில் 20 டீம், அதில் 16 டீம் பிளேஆஃப், அதாவது சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளுக்குப் போகும். இதை மறக்கவே கூடாது. "நாங்க பிளேஆஃப்ல இருக்கோம், எதுக்கு விக்கணும்" என்று சொல்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: நான்கு டீம்தான் வெளியே நிற்கும், அதில் ஒன்றாக இல்லை என்பது ஒரு பெருமையா? கோப்பை வேண்டும் என்றால் நான்கு சுற்று, ஒவ்வொன்றிலும் நான்கு வெற்றி, மொத்தம் 16 ஆட்டம் ஜெயிக்க வேண்டும்.

68 ஆட்டச் சீசனில் பாதி முடிந்ததும் மூன்றைப் பாருங்கள். போட்ட கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசம், லீக்கின் முதல் நான்கு டீம்களுடன் ஆடிய ஆட்டங்களில் என்ன ஆனது, பெனால்டியோ பவர்பிளேயோ இல்லாமல் இரு பக்கமும் சம ஆட்கள் ஆடும் சாதாரண நேரத்தில் யார் கையில் பந்து அதிகம் இருக்கிறது (பந்து என்றேன், வட்டுதான், பழக்கம் போக மாட்டேன் என்கிறது). மேல்நிலை டீம்களோடு ஆறு ஆட்டம் ஆடி ஐந்தில் தோற்றிருந்தால் உங்கள் இடம் எது என்று தெரிந்துவிடும். அந்த மேல்நிலை டீம்கள் ஜனவரியில் இன்னும் வாங்கிச் சேர்ப்பார்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

வாங்குவது என்பது என்ன விலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

2023 ஜனவரியை நான் பாடமாகவே வைத்திருக்கிறேன். அந்த வருடம் ஓ.எச்.எல்.லின் மேற்குப் பிரிவில் வின்ட்சர் ஸ்பிட்ஃபயர்ஸ் நல்ல டீம். முந்தைய வருடம் இறுதிப் போட்டியில் ஹாமில்டனிடம் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றவர்கள். சரி, இந்த முறை விடக் கூடாது என்று கிங்ஸ்டனிலிருந்து ஷேன் ரைட்டை வாங்கினார்கள். உலக ஜூனியர் போட்டியில் கனடாவுக்குத் தலைமை தாங்கித் தங்கம் வாங்கிவிட்டு நேராக வந்தவர். அவருக்காகக் கொடுத்தது, தாங்கள் முதல் சுற்றில் எடுத்து வளர்த்த ஈதன் மீடெமாவையும் ஒரு குவியல் பிக்கையும். (டீம்கள் முறைவைத்துப் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுப்பது டிராஃப்ட், அதில் ஒரு ஆளை எடுக்கும் உரிமை ஒரு பிக்.) வின்ட்சர் மேற்கில் முதலிடத்தில் முடித்தது. முதல் சுற்றில் எட்டாவது இடத்தில் வந்த கிச்சனரிடம் 4-0 என்று துடைத்தெறியப்பட்டது. அவ்வளவுதான், நான்கே ஆட்டம்.

அதே சீசனில் பீட்டர்பரோ பீட்ஸும் வாங்கியது. மிசிசாகாவிடமிருந்து ஓவன் பெக், ஃபிளின்ட்டிடமிருந்து பிரென்னன் ஒத்மன், ஹாமில்டனிடமிருந்து கேவின் வைட், ஏவரி ஹேய்ஸ். கிழக்கில் முதலிடத்தில்கூட இல்லாத டீம் அது. ஆனால் ஓ.எச்.எல். கோப்பையை அவர்கள்தான் தூக்கினார்கள், இறுதியில் லண்டனை வென்று.

ஒரே சீசனில் இரண்டு டீம் ஒரே மாதிரி சூதாடியது, ஒன்று ஜெயித்தது, ஒன்று நான்கு ஆட்டத்தில் வீட்டுக்குப் போனது. அடுத்த சீசனில் பீட்டர்பரோ, வின்ட்சர், 2023 ஜனவரியில் தாராளமாக வாங்கிய சார்னியா, மூன்றுமே பிளேஆஃபுக்குள் வரவில்லை. 20ல் 16 உள்ளே போகும் லீக்கில்! விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டால் அடுத்த போகத்துக்கு என்ன இருக்கும்? பீட்டர்பரோக்காரர்களைக் கேட்டால் கோப்பை கையில் இருக்கிறது, பரவாயில்லை என்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது. சார்னியாவும் மேற்கின் இறுதி வரையாவது போனது. வின்ட்சர் ரசிகனை நினைத்தால்தான் இன்னமும் எனக்கு வயிறு எரிகிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், விற்கிற டீமுக்கு விலை கிடைப்பதே இந்த ஆசையால்தான். மேலே ஐந்தாறு டீம் தங்கள் வருடம் இதுதான் என்று நம்பும்போது உங்கள் 19 வயதுப் பையனுக்கு நல்ல விலை வரும்.

யாரை விற்கலாம், யாருக்கு என்ன மதிப்பு

ஓவரேஜ் பையன்கள்: ஏப்ரலோடு கிளம்புகிறார்கள். கணக்கு எளிது, விலையும் பெரும்பாலும் குறைவு, ஏனென்றால் வாங்குகிற டீமும் மூன்று பேரைத்தான் வைத்துக்கொள்ள முடியும். நான்காவது ஆள் வந்தால் ஒருவரை வெளியே அனுப்ப வேண்டும்.

19 வயதுக்காரர்கள்தான் சந்தையின் நடுநாயகம். இதில் இரண்டு வகை. என்.எச்.எல். டீமோடு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவன் அடுத்த வருடம் தொழில்முறைக்குப் போய்விடுவான், திரும்ப மாட்டான். ஒப்பந்தம் இல்லாதவன் ஓவரேஜாகத் திரும்பி வரக்கூடும். அதனால்தான் டிரேடு அறிவிப்பில் "நிபந்தனையோடு ஒரு பிக்" என்று இருக்கும். அவன் அடுத்த வருடம் திரும்பினால் இன்னொரு பிக் தருவோம், திரும்பாவிட்டால் கிடையாது என்பது மாதிரி.

18 வயது நட்சத்திரத்தை விற்பதா என்பதுதான் எல்லாரும் சண்டை போடும் இடம். இதில் 2025க்குப் பிறகு ஒரு புதுச் சிக்கல் சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் கனடா ஜூனியரில் ஆடியவன் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிக்குப் போக முடியாது, கதவு அடைக்கப்பட்டிருந்தது. 2024 நவம்பரில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அந்த விதியை மாற்றி 2025 ஆகஸ்ட் 1லிருந்து கதவைத் திறந்துவிட்டது. அந்தக் கோடையிலேயே மெடிசின் ஹாட் டைகர்ஸின் கேவின் மெக்கென்னா 17 வயதில் பென் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். ஆகவே "இவன் இன்னும் இரண்டு வருடம் இருப்பான்" என்று எழுதிய தாளில் இப்போது கேள்விக்குறி போட வேண்டும். 18 வயதுப் பையனின் மதிப்பைப் பார்க்கும்போது அவன் கல்லூரிக்குப் போகிற எண்ணத்தில் இருக்கிறானா என்பதும் விலையில் சேரும், வாங்குகிறவரும் அதைக் கேட்பார், விற்கிறவரும் அதை யோசிப்பார்.

கூட்டத்தை இழுக்கிற பையன் தனிக் கதை. 2023 ஜனவரியில் டபிள்யூ.எச்.எல்.லின் ரெஜைனா பாட்ஸ் தங்கள் நட்சத்திரம் கானர் பெடார்டை விற்க வேண்டுமா என்று மேற்குக் கனடா முழுக்கப் பேச்சு. விற்றிருந்தால் டிரக் நிறைய பையன்களும் பிக்குகளும் வந்திருக்கும். விற்கவில்லை. அவர் 57 ஆட்டத்தில், போட்ட கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து, 143 புள்ளி எடுத்தார், டீம் முதல் சுற்றில் சாஸ்கட்டூனிடம் ஏழு ஆட்டத்தில் தோற்றது, அவர் போய்விட்டார். தாளில் பார்த்தால் தவறான முடிவு. ஆனால் அப்படி ஒரு பையனை நம் ஊர்ப் பிள்ளைகள் வாரம் இரண்டு முறை நேரில் பார்ப்பது என்பது அடுத்த முப்பது வருடத்துக்கு வராது. நான் அந்த ஜி.எம். நாற்காலியில் இருந்திருந்தாலும் விற்றிருக்க மாட்டேன்.

பதிலுக்கு எதைக் கேட்க வேண்டும்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். டிரேடு அறிவிப்பில் "ஆறு பிக் வந்திருக்கிறது" என்றதும் பெரிய லாபம் போலத் தெரியும். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், வருடத்தைப் பாருங்கள்.

ஓ.எச்.எல். டிராஃப்டில் எடுக்கப்படுவது அந்த வருடம் 16 ஆகப்போகும் பிள்ளைகள். 2030 டிராஃப்டில் ஒரு இரண்டாம் சுற்று பிக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 2014ல் பிறந்த பையன். 2026ல் அவனுக்கு 12 வயது, எங்கோ ஒரு ஊரில் அப்பா ஷூ லேஸ் கட்டிவிட ஆடிக்கொண்டிருப்பான். அவனுக்கு 19 ஆவது 2033ல். உங்கள் 2008 கூட்டத்துக்கு 2027-28ல் ஆள் வேண்டும், இவன் எப்படி உதவுவான்? கிடைக்கப்போகும் பலாக்காயைவிடக் கையில் இருக்கும் களாக்காய் மேல் என்று நம் ஊரில் சொன்னவர்கள் டிராஃப்ட் பிக்கைப் பார்த்ததில்லை, ஆனால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் என் கட்சி இது: முதலில் கேட்க வேண்டியது உங்கள் குவியலின் வயதையொட்டிய, ஏற்கெனவே லீக்கில் ஆடிக்கொண்டிருக்கும் 16, 17 வயதுப் பையன். நல்ல டீமில் நான்காவது வரிசையில் இடம் கிடைக்காமல் உட்கார்ந்திருப்பான். அவனை ஏற்கெனவே கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். பிக் என்பது வெறும் எண், எவ்வளவு முன்னால் எடுத்தாலும் யூகம்தான். 2015ல் ஓஷாவா மெமோரியல் கோப்பையை வென்றபோது இறுதி ஆட்டம் கெலோனாவோடு 2-1, கூடுதல் நேரத்தில். இரண்டு கோலையும் போட்டது ஆன்டனி சிரெல்லி. அந்தப் பையனை டிராஃப்டின் 15 சுற்றிலும் ஒரு டீமும் எடுக்கவில்லை. 20 டீமின் தேடுநர்களும் அவனைத் தாண்டிப் போனார்கள்!

அதற்காக பிக் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிக்கின் உண்மையான வேலை வேறு, அது பணப்பை. ஓ.எச்.எல்.லில் நெடுங்காலமாக முதல் சுற்று பிக்கைச் சாதாரணமாக விற்க விடாமல் வைத்திருந்தார்கள், அதனால் இரண்டாம், மூன்றாம் சுற்று பிக்குகள்தான் இங்கே புழங்கும் நாணயம். இப்போது சேர்த்து வைத்தால், உங்கள் கூட்டத்துக்கு 19 ஆகும் அந்த ஜனவரியில் அதே நாணயத்தைக் கொடுத்து வேறொரு ஊரின் ஷேன் ரைட்டை வாங்கலாம். டிராஃப்ட் பண்ணுவதற்காக அல்ல, வாங்குவதற்காகச் சேர்க்கிறீர்கள். பீட்டர்பரோ 2022 ஜனவரியில் மேசன் மெக்டேவிஷை ஹாமில்டனுக்கு விற்றது. ஹாமில்டன் அந்த வருடம் சாம்பியன். அடுத்த சீசனில் அதே பீட்டர்பரோ அதே ஹாமில்டனிடமிருந்து வைட்டையும் ஹேய்ஸையும் வாங்கித் தானும் சாம்பியன் ஆனது. விற்பதும் வாங்குவதும் ஒரே சக்கரம்தான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2024 ஜனவரியில், டீம் சரிந்த பிறகு, ஓவன் பெக்கை சாகினாவுக்கு விற்றுக் கொஞ்சம் மீட்டுக்கொண்டார்கள். வாங்கும்போதே இன்னொரு வருடம் பாக்கியுள்ள பையனாகப் பார்த்து வாங்கியதால் அது முடிந்தது. சாகினா அந்த வருடம் மெமோரியல் கோப்பையை நடத்தி, வென்றது. போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெக்குக்குத்தான்.

பழைய கணக்கு ஒன்றையும் பாருங்கள்

ஓஷாவா ரசிகர்கள் இன்னமும் பேசுவது 2009 ஜனவரி. ஜான் டவாரெஸ், ஓ.எச்.எல்.லில் மொத்தம் 215 கோல் போட்டுச் சாதனை படைத்தவர், அந்த ஜூனிலேயே என்.எச்.எல். டிராஃப்டில் முதல் ஆளாகப் போகப்போகிறவர். அவரையும் தடுப்பாளர் மைக்கேல் டெல் சோட்டோவையும் ஒரு கோலியையும் லண்டனுக்குக் கொடுத்துவிட்டு, கோலி மைக்கேல் சாடோர், தடுப்பாளர் ஸ்காட் வாலன்டைன், கிறிஸ்டியன் தாமஸ் என்ற சின்னப் பையன், அதோடு ஆறு பிக் வாங்கினார்கள். ஊரே கொதித்தது. லண்டன் அந்த வருடம் மேற்கின் இறுதியில் வின்ட்சரிடம் தோற்றது, வாங்கியவருக்குக் கோப்பை கிடைக்கவில்லை. ஓஷாவாவுக்கு வந்த அந்தத் தாமஸ் 2010-11ல் 54 கோல் போட்டான். ஆறு பிக்கில் யார் யார் வந்தார்கள் என்று இன்று யாருக்கும் நினைவில்லை, தாமஸை நினைவிருக்கிறது. இளம் ஆட்டக்காரனைக் கேளுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

எல்லாரையும் விற்காதீர்கள்

விற்பது என்று முடிவானதும் சில டீம்கள் கடையையே காலி செய்துவிடுவார்கள். அது தவறு, ஏன் தவறு என்பதை ஒரு ஆட்டத்தில் கண்ணெதிரே பார்த்தேன்.

நான் உட்காரும் இடம் கோலுக்குப் பின்னால், மூலைக் கண்ணாடிக்குப் பக்கம். எங்கள் டீமில் 16 வயதுத் தடுப்பாளன் ஒருவன், அவனுக்கு ஜோடி ஒரு ஓவரேஜ் பையன். வட்டு மூலைக்கு உருண்டால் சின்னவன் முதுகைக் காட்டிக்கொண்டு எடுக்கப் போவான். பின்னால் எதிராளி எவ்வளவு தூரத்தில் வருகிறான் என்று அவனுக்குத் தெரியாது. அந்த ஓரிரு விநாடியில் பெரியவன் கத்துவான், "நேரம் இருக்கு", இல்லையென்றால் "ஆள் வர்றான்", இல்லையென்றால் வெறுமனே "இந்தப் பக்கம்". கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்கும். சின்னவன் தலையைத் தூக்கி, திரும்பி, நிதானமாகக் கொடுப்பான். ஜனவரியில் பெரியவனை ஒரு பிக்குக்கு விற்றார்கள். அடுத்த வாரம் அதே மூலை, அதே சின்னவன், பக்கத்தில் இன்னொரு 17 வயதுப் பையன். வட்டை எடுக்கப் போனான், பின்னாலிருந்து சத்தமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடியில் அடித்து வெளியேற்றினான். அன்றைக்கு அதை ஏழெட்டு முறை செய்தான், நான்கு முறை எதிராளி கையிலேயே போய் விழுந்தது, ஒரு முறை வேகமாக வந்தவன் மோதிச் சுவரோடு சாய்த்தான், எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. மார்ச் வரை அவன் ஆட்டம் பழையபடி வரவில்லை.

அந்த பிக்கைக் கொண்டு என்ன வாங்கினார்களோ, எனக்கு அது ஈடாகத் தெரியவில்லை. ஆகவே என் விதி: குறைந்தது ஒரு தடுப்பாளனும் ஒரு முன்கள வீரனும், பெரிய விலை கிடைக்காத, ஆனால் உடைமாற்றும் அறையில் மதிப்புள்ள பையன்களாக, இருக்க வேண்டும். கோலி 17 வயது என்றால் அவனுக்கு முன்னால் அனுபவமுள்ள தடுப்பாளன் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் இரவுக்கு 45 ஷாட் வாங்கி வாங்கி அந்தப் பிள்ளைக்கு ஹாக்கியே வெறுத்துவிடும்.

பையன் யார் என்பதையும் பாருங்கள்

எதிர்காலச் சொத்து, நாணயம் என்றெல்லாம் இவ்வளவு நேரம் எழுதினேன். போகிறவன் 18, 19 வயதுப் பிள்ளை. வேறொரு குடும்பத்தின் வீட்டில் தங்கியிருப்பான், பில்லெட் என்பார்கள், அந்த வீட்டம்மா அவனுக்கு மூன்று வருடமாகச் சமைத்துப் போட்டிருப்பார், அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு அவன் அண்ணன். ஜனவரியில் பள்ளி நடுவில், இரண்டு ஹாக்கிப் பையோடு காரில் ஏறி ஐந்து மணி நேரம் ஓட்டிப் போக வேண்டும், மறுநாள் இரவு புது ஜெர்சியில் ஆட வேண்டும்.

நல்ல ஜி.எம். முதலில் பையனைக் கூப்பிட்டுப் பேசுவார். உனக்குக் கோப்பைக்கு ஆட வாய்ப்பு இருக்கிறது, எந்த ஊருக்குப் போக விருப்பம் என்று கேட்பார். டிரேடு வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஒப்பந்தத்திலேயே உள்ள பையன்களும் உண்டு, அவர்கள் சம்மதிக்காமல் எதுவும் நடக்காது. பையன்களை மரியாதையாக அனுப்பும் டீமுக்கு அடுத்த டிராஃப்டில் பெற்றோர் நம்பிப் பிள்ளையை அனுப்புவார்கள். இதை எந்தத் தாளிலும் எழுத முடியாது, ஆனால் ஊர் ஊராகப் பேச்சு பரவும்.

அப்புறம், ஜனவரி 10 இரவு

அன்று இரவு அறிவிப்புகள் வரிசையாக வரும். உங்கள் தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனவன் பெயரை அழியுங்கள், வந்தவனை அவன் பிறந்த வருடக் கட்டத்தில் எழுதுங்கள், பிக்குகளைத் தாளின் அடியில் வருடத்தோடு எழுதுங்கள். எந்த டீமின் பிக் என்பதையும் எழுதுங்கள், ஏனென்றால் மூன்று வருடம் கழித்துச் சரியப்போகிற டீமின் இரண்டாம் சுற்று பிக் முதல் சுற்றை ஒட்டி வரும், ஜெயிக்கப்போகிற டீமுடையது கிட்டத்தட்ட இருபது இடம் தள்ளி வரும். இப்போது மறுபடி தாளைத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். புள்ளிகள் முன்பைவிட ஒரே கட்டத்துக்கு நெருங்கி வந்திருந்தால் உங்கள் டீம் நல்ல வேலை செய்திருக்கிறது. இன்னும் சிதறியே இருந்தால் ஆறு பிக் வந்தாலும் நான் சந்தோஷப்பட மாட்டேன்.

தாளைக் கிழித்துப் போடாதீர்கள், தேதி போட்டு வையுங்கள். விற்ற பையன் பிப்ரவரியில் எதிரணி ஜெர்சியில் உங்கள் ஊருக்கு ஆட வந்தால், அறிமுகத்தின்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எழுந்து நின்று கை தட்டுங்கள். முதல் வரிசையில் அந்த பில்லெட் வீட்டம்மா உட்கார்ந்திருப்பார், அவனுடைய பழைய ஜெர்சியைப் போட்டுக்கொண்டு.